கணினிக் கல்வியும் தொழிலும்

கல்வராயன் மலைப்பகுதியில் மரவள்ளி மிகுதியாக விளைகின்றது. 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் கணினிப் பயன்பாட்டியல் பயிலும் மாணாக்கர்க்கு, அக்கிழங்கின் விலைக் கணக்கே நல்லதொரு பாடமாகும்.

ஆலைக்குச் செல்லும் கிழங்கின் விலை, அதன் எடையையும் மாவுச்சத்தின் அளவையும் பொறுத்து அமையும். இக்கணக்கைக் கணினிவழிச் செய்ய விரும்புவோர், முதலில் உழவரிடமும் ஆலையாரிடமும் நடைமுறையைக் கேட்டறிதல் வேண்டும். அதனைப் படிப்படியாகப் பகுத்துக் கட்டளைகளாக எழுதுதல் வேண்டும். பின்னர்ப் பிழை உளதோ எனப் பலமுறை சோதித்தல் வேண்டும். ஒரு படி தவறினும், ஏறத்தாழப் பத்துத் திங்கள் பாடுபட்ட உழவர்க்கு உரிய பணம் குறைந்துவிடும்.

தொழில் நிறுவனங்கள் நாடும் திறன்களும் இவையே. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் கற்கும் நிரலாக்கமும் தரவுத்தளமும் இவற்றிற்குத் துணையாகும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சியும் அளிக்கின்றது. கணினி மொழிகள் காலந்தோறும் மாறும். கேட்டறிந்து, பகுத்தாய்ந்து, பிழை களையும் பழக்கமோ என்றும் உதவும்.