உழைக்கும் தசையும் இரத்தத்துச் சீனியும்

நாம் உண்ணும் சோறு சீனியாகி இரத்தத்தில் சேர்கிறது. அதைத் தசைக்குள் விடும் திறப்பே இன்சுலின். உழைப்பு நின்ற தசையில் பூட்டு இறுகும். சீனி இரத்தத்திலேயே தேங்கும். நீரிழிவுக்கு இது வழி.

தசைக் கலங்களில் ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட இழைகள் உண்டு. சில புரதம் ஆக்குவதில்லை. ஆயினும் வீணானவை அல்ல. எச்19 என்ற இழை, இன்சுலினின் வேலையைக் கெடுக்கும் லெட்-7 என்ற சிற்றிழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைக்கிறது. நீரிழிவு நோயாளரின் தசையில் எச்19 குறைந்திருப்பதாக 2014இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

எச்19ஐக் கூட்டும் மருந்து கடையில் இல்லை. ஆனால் நடக்கும்போதும் மண் கொத்தும்போதும் தசை இன்சுலின் இன்றியும் சீனியை எடுக்கும். வயலை விட்டு வந்தோம், உழைப்பை விடவேண்டாம். தினமும் அரைமணி நேரம் நடப்போம். மருந்து எடுப்போர் அதை நிறுத்தக்கூடாது.

கூடிப் பேசுவோம்: வீட்டோரத்தில் ஒரு பாத்தியாவது கொத்த இடமுண்டா?