ஆடிக்கு முன் பணம், ஆவணியில் காய்

எங்கள் அடுக்ககத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து, திருப்போரூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திடம் நேரடியாகக் காய்கறி வாங்குகிறோம். விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது "ஆர்கானிக்கா?" என்றுதான். ஆமாம். ஆனால் ஆர்கானிக் காய்க்குத் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. இங்கே விஷயம், விதைப்பதற்கு முன்பே பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பது.

1999-ல் வந்த உழவர் சந்தை இடைத்தரகரை விலக்கியது, பெரிய காரியம். ஆனாலும் அங்கே விளைந்த பிறகுதான் காசு. விதை, எரு, களையெடுக்கக் கூலி எல்லாம் அதுவரை கைமாற்றிலும் வட்டியிலும் ஓடும். ஆடிப்பட்டத்துக்கு முன்பே பருவம் முழுவதற்குமான பங்கை நாங்கள் கட்டிவிடுகிறோம். பதிலுக்கு வாரம் ஒரு பை, எது விளைந்ததோ அது.

ஜப்பானில் 1970-களிலேயே இப்படிக் குடும்பங்களும் விவசாயிகளும் கைகோத்தார்கள். அமெரிக்காவில் 1986-ல் தொடங்கியவற்றில் நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணை எனக்குப் பிடித்தது. அங்கே காய்க்கு விலை கிடையாது. வருடச் செலவைக் கூட்டத்தில் சொல்வார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்த தொகையை ஏற்றுக்கொள்ளும். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை (அடுக்ககக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்). செலவுக் கணக்கை மட்டும் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்கிறோம். களையெடுப்புக் கூலியைக் கேட்டபின் யாரும் பேரம் பேசுவதில்லை.

சோதனை 2023-ல் வந்தது. ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோதும் எங்கள் பைக்குத் தக்காளி வந்தது, கூடுதல் காசு கேட்காமல். டிசம்பரில் மிக்ஜாம் புயல். தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். விவசாயியின் மனைவி போன் செய்தார்: "அக்கா, கீரைப் பாத்தி மொத்தமும் அழுகிடுச்சு. வாழைக்காயும் முருங்கைக்கீரையும்தான் நிக்குது. அனுப்பட்டுமா?"

வாட்ஸ்அப் குழுவில் சண்டை. கட்டிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டார்கள் சிலர். மூன்றாவது மாடி மாமி ஒரே வரி போட்டார்: "ஜூலைல யார் யார் வீட்ல தக்காளி ரசம் வச்சீங்க?" அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஆனால் எல்லா அடுக்ககத்திலும் அப்படியொரு மாமி கிடைப்பார் என்று நம்பி இறங்காதீர்கள். வெள்ளமோ வறட்சியோ வந்து பை நின்றால் பணம் திரும்பாது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த வருடம் நாங்கள் அதைச் செய்தோம். சிலர் விலகினார்கள், நல்லதுதான்.

பை இறங்கும் இடத்தில் ஒரு மாற்றுக்கூடை வையுங்கள். புடலங்காய் ஆகாதவர்கள் அதைப் போட்டுவிட்டு, வேறொருவர் விட்டுப்போன பீர்க்கங்காயை எடுத்துக்கொள்ளலாம். சுரைக்காய் வாராவாரம் வரும் காலத்தில் குடும்ப அமைதி இந்தக் கூடையில்தான் இருக்கிறது. மிஞ்சும் கொத்தவரங்காயை மோரில் ஊறவைத்து வற்றல் போட்டுவிடலாம். கீரை காலையிலேயே வந்து சேரவேண்டும். வண்டி வாடகையையும் செலவுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள், விவசாயி தலையில் கட்டாதீர்கள்.

இந்த ஆடிக்குத் தொடங்குவதாக இருந்தால் வைகாசியிலேயே பேசிவிடுங்கள். விதைக்கும் எருவுக்கும் அவர் கடன் வாங்கி முடித்த பிறகு நீங்கள் கட்டும் பணம், வட்டிக்காரருக்குத்தான் போகும்.