வெள்ளிக்கிழமைப் பின்னேர லோட்

ஸ்காபரோ

அன்புள்ள மருமகனுக்கு,

உனக்கு ஏ-இஸட் லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று அம்மா ரெலிபோனில் சொன்னா. சந்தோஷம்தான், ஆனால் குரலில் ஒரு இழுவையும் இருந்தது. "இணுவிலிலிருந்து வழிவழியாகத் தவில் அடித்த குடும்பம், இவன் ட்ரக் ஓடப் போறான்" என்றா. ஊரில் மேளம் அடித்த எல்லா வீட்டிலும் மேளத்தாலா உலை கொதித்தது என்று அவவிடமே கேட்டேன். திருவிழாக் காலத்தில் மேளம், மற்றக் காலத்தில் தோட்டம், சுருட்டுக் கொட்டில், தையல் மெஷின். இங்கே அந்த இடத்துக்கு ட்ரக் வந்திருக்கிறது, அவ்வளவுதான். 103.5 மணித்தியாலப் பயிற்சியை முடித்து, ட்ரெய்லரை றிவேர்ஸில் விட்டுக் காட்டிச் சோதினை பாஸ் பண்ணியவனை நான் ஏன் மறிக்கப் போகிறேன்? 2017 ஜூலைக்கு முன்னர் ஒன்ராறியோவில் அந்தக் கட்டாயப் பயிற்சியே இல்லை. நாங்கள் பழகினதெல்லாம் றோட்டில்தான்.

ஆனால் நீ அம்மாவிடம் சொன்ன ஒரு கதைதான் என்னைக் கடிதம் எழுத வைத்தது. "ட்ரக்கில் தனிய இருக்கிற நேரமெல்லாம் எனக்குச் சாதகம்தானே, இசைக்கு இதைவிட நல்ல வேலை எது" என்றாயாம். நாதஸ்வரத்தையும் ஸ்ரியறிங்கையும் ஒரே காலத்தில் பிடித்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பாதிதான் உண்மை.

அமெரிக்காவில் லொறிக்காரரின் பாட்டு என்றே ஒரு தனி வகை உண்டு. அதில் பேர்போனது 1963இல் டேவ் டட்லி பாடிய 'சிக்ஸ் டேஸ் ஆன் த ரோட்'. கன்ட்ரி இசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு. பாடியவர் லொறிச் சாரதி அல்ல. எழுதியவர்கள் ஏர்ல் கிரீன், கார்ல் மொன்கொமரி என்ற இரண்டு பேர். அவர்கள்தான் அலபாமாவில் உண்மையாக லொறி ஓட்டியவர்கள். 1975இல் 'கொன்வோய்' என்ற பாட்டோடு உலகம் சுற்றிய சி. டபிள்யூ. மக்கோலும் சாரதி அல்ல, விளம்பரக் கொம்பனிக்காரர். எல்விஸ் பிரெஸ்லி 1954இல் மெம்பிஸில் ட்ரக் ஓட்டினார்தான். ஆனால் அது ஊருக்குள் மின்சாரச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, இரவில் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தூர ஓட்டத்துக்குப் பாட்டு எழுதுகிறவன் ஒத்துப்போவான். சக்கரம் உருள உருள ஒரு வரி வரும், அடுத்த நிறுத்தத்தில் எழுதி வைக்கலாம், வேறொருவன் பாடினாலும் எழுதினவனின் பேரும் உரிமையும் எழுதினவனோடு இருக்கும். உன்னுடைய கலை அப்படியா? தவில்காரன் தனியாக இருந்தால் அவனிடம் இருப்பது கணக்கு மட்டும். நாதஸ்வரக்காரன் ஒரு மூச்சை எங்கே முடிக்கப் போகிறான் என்று அவன் முடிக்க முன்னரே உன் கைக்குத் தெரிய வேண்டும். வெளிவீதியில் மல்லாரி போகும்போது சுவாமி தூக்குகிறவர்களின் கால் எவ்வளவு வேகம் என்று ஒரு கண், குருக்கள் எப்போது கையைக் காட்டுவார் என்று ஒரு கண். தாலி கட்டுகிற நேரம் கெட்டிமேளம் அரை நொடி பிந்தினால் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இதெல்லாம் ஆட்களோடு இருந்து வருகிற வித்தை. தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளை நீ கேட்கிறாய். கணக்கைக் கேட்டு மலைக்கிறாய், சரி. எந்த இடத்தில் அவர் கையை எடுத்துவிட்டு நாதஸ்வரத்துக்கு வழி விடுகிறார் என்பதையும் கேள். அதைத் தனியே இருந்து ஒருவராலும் பழக முடியாது.

ஆகவே ட்ரக் உன் சாதகத்தைப் பறிக்கும் என்று நான் பயப்படவில்லை. உன் கூட்டை மெல்ல மெல்லப் பறிக்கும், அதற்குத்தான் பயம். ஒரு ஆனித் திருவிழாவுக்கு நீ வரவில்லை என்றால் மேளச் செட்டுக்காரர் வேறு தவிலைக் கூப்பிடுவார்கள். அடுத்ததற்கும் அவனையே கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவன் வருவான் என்று தெரியும். ஒருவருக்கும் உன்மேல் கோபம் இராது. உனக்கு அழைப்பு வராது, அவ்வளவுதான்.

இதனால் வேலை தேடும்போது மைலுக்கு எத்தனை சதம் என்பதை முதலாவதாகக் கேட்காதே. எந்த வழி, எந்த நாள் திரும்புவது என்று கேள். ரொறொன்ரோவிலிருந்து வன்கூவர் 4,400 கிலோமீற்றர் அளவு. போய்த் திரும்பி வரப் பத்து நாள் தாராளமாகப் போகும். கனடாச் சட்டம் ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட விடாது. வண்டியிலிருக்கிற பெட்டி அதை எழுதிக்கொண்டே இருக்கும், 2023இலிருந்து அதை ஏமாற்றுவது லேசில்லை. அந்தப் பத்து நாளில் ஒரு சனி ஞாயிறு கட்டாயம் விழும். மொன்றியல் ஓட்டம் அப்படியல்ல. போக 540 கிலோமீற்றர், ட்ரெய்லரை விட்டுவிட்டு வேறு ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு அன்றைக்கோ மறுநாளோ வீடு. காசு குறைவு, 401ஆம் நெடுஞ்சாலையின் நெரிசல் வேறு. ஆனாலும் திங்களிலிருந்து வெள்ளி வரை ஒரே வழியில் ஓடுகிற வேலை எங்கேயாவது கிடைத்தால் அதை எடு.

அப்படி எடுத்தாலும், வெள்ளிக்கிழமைப் பின்னேரம் மூன்று மணிக்கு டிஸ்பாட்ச்சர் ரெலிபோன் எடுப்பார். "ஒரு சின்ன லோட், சிக்காகோ மட்டும்தான், ஞாயிறு வந்திடலாம், கூடப் போட்டுத் தாறன்" என்பார். அவர் கெட்ட மனுசன் இல்லை, அவருக்கு அந்த ட்ரெய்லர் அசைய வேண்டும். சேருகிற அன்றைக்கே எந்தெந்தச் சனி ஞாயிறு உன்னுடையது என்று எழுத்தில் கொடுத்துவிடு. இங்கே தேர், தீர்த்தமெல்லாம் ஆனி முதல் ஆவணிக்குள் நெருக்கிக்கொண்டு வருகின்றன, ஆடியை விட்டால் கல்யாணங்களும் அதே மாதங்களில்தான். கோயில்காரர் தேதியைத் தையிலேயே சொல்லிவிடுவார்கள், முந்தி வாங்கி வை. நீண்ட ஓட்டம் ஓடத்தான் வேண்டும் என்றால் மேளம் குறைந்த குளிர்காலத்தில் ஓடு. இதில் ஒரு இக்கட்டும் இருக்கிறது. உனக்கு ஓய்வான அந்த மாதங்களில்தான் சுப்பீரியர் ஏரிக்கு மேலே வாவா, மரத்தன் பக்கம் 17ஆம் நெடுஞ்சாலை பனிப்புயலில் பூட்டப்படும். புதுச் சாரதி முதல் இரண்டு குளிர்காலமும் அந்தப் பக்கம் போகாமல் தெற்கே ரெக்சஸ், ஜோர்ஜியா என்று கேட்டு வாங்குவது நல்லது. மிச்சிகன், ஒஹையோவைத் தாண்டினால் பனியின் தொல்லை பாதியாகும்.

தெற்கே போவதென்றால் இரண்டு சட்டத்தைத் தெரிந்து வைத்திரு. நம்முடைய ஆட்களில் கனபேருக்கு இவை தெரியாது. அமெரிக்க விதிப்படி நீ வேறு யாரிடமும் கூலிக்குச் செய்கிற வேலையும் 'ஒன் டியூட்டி', அதாவது கடமை நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கிக்கொண்டு கோயிலில் நாலு மணித்தியாலம் தவில் அடித்தால், அந்த நாலும் எட்டு நாளுக்குரிய 70 மணித்தியாலக் கணக்கில் ஏற வேண்டும். 34 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வெடுத்துக் கணக்கைப் பூச்சியமாக்கலாம் என்று கொம்பனியில் சொல்லித் தருவார்கள். அந்த ஓய்வின் நடுவில் சம்பளக் கல்யாணம் ஒன்று வந்தால் ஓய்வு உடைந்துவிடும், திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பிரம்ம முகூர்த்தத்தில் மேளம் அடித்துவிட்டு, கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டு, அன்று இரவே நாற்பது தொன் வண்டியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டப் போகிறவன் லண்டன், வின்சர் போக முதலே கண் சொக்குவான்.

மற்றது, நியூ ஜேர்சியில் லோட் இறக்குகிற நாளில் அங்கே ஒரு கோயில்காரர் "தம்பி, தவில் கையில் இருக்கிறது தானே, ஒரு மணித்தியாலம் வந்திட்டுப் போம், பார்த்துச் செய்வம்" என்பார். போகாதே. சரக்குக் கொண்டுபோகிற சாரதியாகத்தான் உன்னை எல்லையில் விடுகிறார்கள். அங்கே சம்பளத்துக்கு வாசிக்க வேறு விசா வேண்டும். பிடிபட்டால் ட்ரக் வேலையும் போகும், பிறகு முறையாகக் கச்சேரிக்குப் போகிற வழியும் அடைபடும்.

இரண்டு பேராகச் சேர்ந்து ஓடுகிற 'ரீம்' வேலையைப் பற்றியும் நீ விசாரித்தாயாம். நாதஸ்வரம் வாசிக்கிற உன் கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டால் போகிற வழியெல்லாம் கச்சேரி என்ற நினைப்பு! அவன் ஓடும்போது நீ பின்னால் படுத்திருப்பாய், நீ ஓடும்போது அவன் படுத்திருப்பான். இரண்டு பேரும் ஒன்றாக விழித்திருப்பது டீசல் அடிக்கிற நேரமும் சாப்பிடுகிற நேரமும்தான். ஓடுகிற வண்டியில் கிடைக்கிற நித்திரையும் நித்திரை அல்ல.

கைகளைப் பற்றி. திறந்த ப்ளற்பெட் ட்ரெய்லர் வேலை கூடச் சம்பளம் தரும், எடுக்காதே. சங்கிலி இழுத்து, ரட்செற்றை முறுக்கி, விறைத்துப்போன தார்ப்பாயை மைனஸ் இருபதில் மடித்துக் கட்டுகிற விரல், வலந்தலையில் அந்த நுணுக்கத்தைப் பேசாது. பூட்டிய பெட்டி ட்ரெய்லர், கொழுவிக்கொண்டு போகிற வேலை போதும். அதிலும் ட்ரெய்லரைக் கொழுவுகிற ஐந்தாம் சக்கரத்தின் பின்னை ஒரே வெட்டாக இழுக்காதே. இறுகியிருந்தால் வண்டியை ஒரு அங்குலம் பின்னுக்கு விட்டுப் பாரத்தைத் தளர்த்திவிட்டு இழு. தோள்மூட்டுப் பிடித்துக்கொண்டால் கழி பிடிக்கிற இடது கை மாதக்கணக்கில் எழும்பாது.

காது இன்னும் முக்கியம். ஒன்ராறியோவில் வேலையிடச் சத்தத்துக்கு எட்டு மணித்தியாலச் சராசரி எல்லை 85 டெசிபெல். அதற்கு மேல் மூன்று டெசிபெல் கூடினாலே பாதுகாப்பான நேரம் பாதியாகும். தவில் வெட்டவெளியில் ஊர் முழுக்கக் கேட்பதற்காகப் பிறந்த வாத்தியம், நீ அதை மண்டபத்துக்குள் உடம்போடு சேர்த்துக் கட்டி அடிக்கிறாய். வார நாளில் எஞ்சின் இரைச்சல், திறந்த ஜன்னல், அதற்கு மேலே சத்தமாகப் பாட்டு, வார முடிவில் தவில் என்றால் காதுக்கு ஓய்வு எப்போது? ஜன்னலைப் பூட்டி ஓடு. பாட்டைக் குறைத்து வை. இசைக்காரருக்கென்று சுருதி சிதையாமல் ஒலியை மட்டும் குறைக்கிற காதடைப்பான் இருக்கிறது, காதின் அளவெடுத்துச் செய்து தருவார்கள். அதை மேளத்துக்குப் போடு, ஓடும்போது வேண்டாம்.

தவிலை ட்ரெய்லருக்குள் வைக்காதே, கபினுக்குள் படுக்கைக்குக் கீழே வை. வெளியே குளிர், உள்ளே ஹீற்றரின் வறட்சி, இரண்டுக்கும் நடுவில் பலாக்கட்டை வெடிக்கும், தோலும் கண்டபடி இறுகும். நல்ல தவிலை வீட்டிலேயே விட்டுவிட்டு இரண்டாந்தரம் ஒன்றைக் கொண்டு போவதுதான் புத்தி. ட்ரக் தரிப்பிடத்தில் இரவு அடிக்கவும் மாட்டாய். பக்கத்துக் கபின்களில் அடுத்த நாள் ஓடுகிறவர்கள் படுத்திருப்பார்கள். சொற்கட்டை வாயால் சொல், நிறுத்தியிருக்கும்போது தொடையில் தாளம் போட்டுச் சொல். வண்டி ஓடும்போது கை ஸ்ரியறிங்கில்தான் இருக்க வேண்டும். கேட்பதற்கு மட்டும் அந்த நேரம் நல்லது, அதுவும் கேட்டுப் பழகின உருப்படியாக இருந்தால். புதுக் கணக்கைக் காதில் போட்டுக்கொண்டு கார்டினர் நெடுஞ்சாலைக்குள் நுழைந்தால் கணக்கும் தவறும், வழியும் தவறும்.

கடைசியாகக் காசு விஷயம். "உன் பேரில் ஒரு கொம்பனி பதி, வரி பிடிக்காமல் முழுச் சம்பளமும் தாறோம்" என்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன. அவர்களின் ட்ரக்கை, அவர்கள் சொல்கிற வழியில், அவர்கள் சொல்கிற நேரத்துக்கு ஓடிவிட்டு நீ எப்படி முதலாளி ஆவாய்? அரசாங்கம் அதைக் களவுக் கணக்காகத்தான் பார்க்கிறது. அதை விடு, உனக்கு வேறொரு கவலை இருக்க வேண்டும். விரல் ஒன்று கதவில் நசிந்தால், ரி-4 சம்பள வரிச்சீட்டு எழுதித் தருகிற வேலையில் வேலையிடக் காப்புறுதி உண்டு, வேலையிழப்புக் காசு உண்டு. மற்றதில் அவை தானாகக் கிடைக்காது. உனக்கு அந்த விரலில் இரண்டு சம்பளம் இருக்கிறது.

ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போட முதல் என்னிடம் கொண்டு வா. சனிக்கிழமை மத்தியானப் பூசைக்கு நான் கோயிலில் வாசிக்கிறேன், பூசை முடிய ஒரு மணியாகும். தவிலையும் கொண்டு வா. தாளத்துக்கு ஆள் இருக்கிறது, வழமையான தவில்காரர் வின்னிபெக் ஓட்டத்தில் போய்விட்டார்.

அன்புடன்,
மாமா