பிழை புகுந்த படி எது?

நேற்றுவரை செவ்வனே இயங்கிய பொருள், புதுப்பித்த மறுநாள் இயங்காதொழியுமாயின் அதனைக் கணினித் துறையார் பின்னடைவு என்பர். ஒரு காலத்தும் இல்லாத வசதி இன்றும் இல்லையென்பது குறை. இருந்த வசதி கெட்டுப்போவதே பின்னடைவு. இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதல் வேண்டும். ஏனெனில், பின்னடைவுக்கு மட்டுமே 'இன்ன மாற்றத்தோடு புகுந்தது' என்று சுட்டத்தக்க ஒரு பிறப்பு உண்டு. கணினித் தொழிலில் அமர்ந்துள்ள எம் பழைய மாணவர்க்கு இஃது அன்றாடச் செய்தி. தமிழ்ப் பாடத்தை விரும்பிக் கணினியறையை ஒதுக்கிச் சென்ற ஏனையோரை மனங்கொண்டே இக்கட்டுரையை வரைகின்றோம்.

தமிழர்க்கு இவ்வகைத் துன்பம் புதிதன்று. ஏட்டைப் பார்த்து ஏடெழுதுவோன் ஓரெழுத்தைப் பிறழ எழுதின், அவன் படியைப் பார்த்தெழுதிய படிகளிலெல்லாம் அப்பிழை வழிவழி இறங்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் 1889இற் சூளாமணியையும் அச்சேற்றியபோது, சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்க நேர்ந்தது இதன்பொருட்டே. ஏட்டுப்படிகள் பெரும்பாலானவற்றில் தம் தாய்ப்படி இன்னதென்ற குறிப்பு இராது. பதிப்பாசிரியன் பாடத்தை ஒப்பிட்டு ஊகித்தே அதனை உணர்தல் வேண்டும்.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் கெர்னலும் பலர் கைபட்டு வளரும் இத்தகைய நூலொன்றே. கெர்னல் என்பதற்கு வித்தின் உட்பருப்பு என்பது பொருள். கணினியின் உறுப்புக்களையும் அவற்றைப் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்துவைக்கும் நடுப்பகுதியை அப்பெயரால் வழங்குவர். எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இதனைத் தொடங்கினார். அண்ட்ரொயிட் கைப்பேசிகளிலும் இதுவே உட்கரு. ஆதலின், வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்து செல்வோர் பலர் தாம் அறியாமலே இதனைச் சட்டைப்பையிற் கொண்டு செல்கின்றனர். ஒன்பது பத்து வாரத்துக்கொருமுறை புதிய பதிப்பு வெளிவரும்; ஒவ்வொன்றிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேரும். பயனாளர்க்கு நேற்று இயங்கியது இன்று முறியலாகாது என்பது டோர்வால்ட்ஸ் தம் உடனுழைப்பாளரிடம் கடுமையாய் வற்புறுத்திவரும் விதி.

அவ்விதி முறிந்த ஓர் இடத்தை இனிக் காண்போம். கலியாணப் படப்பிடிப்பாளர் கமராவினின்று கழற்றும் சிறு நினைவட்டையைச் செருகுதற்கு மடிக்கணினியின் விளிம்பில் ஒரு துளை உண்டன்றோ? அதனுள் இருந்து அட்டையைப் படிக்கும் சில்லை ரியல்டெக் முதலிய நிறுவனங்கள் செய்கின்றன. அச்சில்லோடு கெர்னல் பேசுதற்கு உதவும் பகுதி சாதனச் செலுத்தி எனப்படும். 2023ஆம் ஆண்டில் ரியல்டெக் நினைவட்டை வாசிப்பான்களுக்குரிய செலுத்தியில், மின்சேமிப்பை முன்னிட்டுச் சிறு மாற்றமொன்று செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த 6.4.11 என்னும் பதிப்பிலும் அது சேர்ந்தது. புதுப்பித்த கணினிகள் சில தொடங்கவே மறுத்தன. டெல் மடிக்கணினிகள் சிலவும் அவற்றுள் அடங்கும். திரையில் வந்த முறையீடோ நினைவட்டையைப் பற்றியதன்று. பணிசெயல் முறைமை உறையும் சேமிப்பகத்தையே காணவில்லை என்பதாயிருந்தது!

இங்கேதான் இவ்வழக்கின் சுவை உள்ளது. சேமிப்பகம் மறைந்தால் எவரும் சேமிப்பகத்தையே ஐயுறுவர். அது பழுதுற்றதென்று கருதிப் புதியது வாங்குவோரும் இருப்பர். அட்டையே செருகப்படாத வெறுந்துளையை ஐயுறுவார் யார்? குறிகளை மட்டும் நோக்கிக் காரணத்தை ஊகிப்பவன், எத்துணைக் கூர்மதியுடையனாயினும், இத்தகைய வழக்கில் நெடுநாள் அலையவே நேரும்.

ஊகியாது தேடும் வழியொன்று உண்டு. அகராதியிற் சொல் தேடுவோன் முதற்பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. நடுவே திறந்து, தான் தேடுஞ் சொல் முன்னதோ பின்னதோ என நோக்கி, ஒரு பாதியை முற்றாய்த் தள்ளிவிடுகிறான். பிழை தேடுதலும் அவ்வாறே. நன்றாயிருந்த பதிப்பு ஒன்று, கெட்ட பதிப்பு ஒன்று, இரண்டும் கையில் இருத்தல் வேண்டும். அவற்றிடையுள்ள மாற்றங்களின் நடுவிடத்தே நிறுத்திக் கெர்னலை ஆக்கிச் சோதித்தால், நன்றாயின் பிழை பின்பாதியிலும், கெட்டதாயின் முன்பாதியிலும் உளது. எஞ்சிய பாதியை மீண்டும் இருகூறாக்குக. இருநூறு மாற்றங்களாயின் எட்டுச் சோதனை போதும். 16,384 மாற்றங்களுக்கும் பதினான்கே போதும். இரண்டைப் பதினான்கு முறை பெருக்கிப் பார்க்கும் மாணவன் இதனைத் தானே உணர்வான். டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய கிற் என்னும் பதிவேட்டு மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயர், நாள், நோக்கம், தாய்ப்படி ஆகியவற்றோடு காத்துவைக்கின்றது. நடுவிடம் எதுவென்று சொல்வதும் அதுவே. தாமோதரம்பிள்ளைக்கு இப்படியொரு பதிவேடு வாய்த்திருப்பின் அவர் உழைப்பிற் பாதி குறைந்திருக்கும் என எண்ணாதிருக்க முடியவில்லை.

முறை எளிது, செய்கை எளிதன்று. பழைய கணினியிற் கெர்னலை ஒருமுறை ஆக்குதற்கே சில மணிநேரம் செல்லலாம். இடையிலுள்ள படியொன்று ஆக்கவே இயலாததாய் இருப்பின் அதனைத் தாண்டி அடுத்ததை எடுத்தல் வேண்டும். இவையெல்லாம் பொறுமையால் வெல்லத்தக்கன. பெரிய இடர், சிலவேளை தோன்றிச் சிலவேளை மறையும் பிழையாகும். ஒருமுறை தொடங்கிற்று என்பதால் அப்படியை நன்று எனத் தீர்ப்பளித்துவிட்டால், பிழையுள்ள பாதியையே எறிந்துவிடுவோம். பின்வரும் சோதனைகள் யாவும் பிழையற்ற மாற்றமொன்றைக் குற்றவாளியாக்கி முடியும். ஆதலின் ஒவ்வொரு படியையும் பன்முறை தொடங்கிப் பார்த்தல் நன்று.

இன்னுமொன்று. அச்சோதனையைச் செய்யத்தக்கவர் செலுத்தியை எழுதிய அறிஞரல்லர். அவர் மேசையிலுள்ள கணினி ஒழுங்காய்த் தொடங்குகிறது. அதனாலன்றோ பிழை அவர் கண்ணிற் படாது தப்பியது! கெடும் கணினி பயனாளர் வீட்டில் உளது. கொட்டாஞ்சேனையில் ஒரு மாணவன் இரண்டாங்கையாய் வாங்கிய மடிக்கணினி, வெளிநாட்டுப் பொறியியலாளர்க்குக் கிட்டாத சான்றாய் அமையலாம். கெர்னல் நூலைக் கற்றுத் தெளியாதவனும், நன்று, கெட்டது என்ற இரு சொற்களை உண்மையாய்ச் சொல்லவல்லனாயின், பிழை புகுந்த படியைக் காட்டிவிடுவான். மாணவர் இதனை அறிதல் வேண்டும் என்பது எம் விருப்பம்.

படி அகப்பட்டபின் காரணம் விளங்கலாயிற்று. கணினியின் உட்பாதையில் ஒவ்வோர் உறுப்புக்கும், 'எனக்குக் கடிகாரத் துடிப்பு வேண்டும்' என்று கேட்பதற்கு ஒரு கோடு உண்டு. அக்கோடு தாழ்ந்து நின்றால் கேட்கின்றது என்பது பொருள். முன்னைய செலுத்தி அதனை வலிந்து தாழ்த்தியே வைத்திருந்தது. புதிய மாற்றம், மின்சேமிப்பு நடைபெறட்டும் என்று, சில வாசிப்பான்களில் அப்பிடியைத் தளர்த்தியது. மின்சேமிப்பு ஏற்பாடு முற்றாய் அமையாத கணினிகளில் அத்தளர்வே தொடக்கத்தைத் தடுத்தது. மாற்றியவர் நோக்கம் நல்லதே. மின்கலம் நெடுநேரம் நிற்கவேண்டும் என்பது எவர்க்கும் உடன்பாடு. அவர் கண்ட கணினிகளில் அது கேடு செய்யவுமில்லை.

திருத்தம் அவ்வாண்டே வந்தது. சாதனத்தைக் கெர்னல் முதன்முதல் இனங்காணும் வேளையிலேயே மின்சேமிப்பு நிலையைச் சோதித்து, அதற்கேற்பக் கோட்டைப் பிடிப்பதா விடுவதா எனத் தீர்மானிக்குமாறு செலுத்தி மாற்றியமைக்கப்பட்டது. இத்தகைய திருத்தங்களைப் பதியும்போது, எந்த மாற்றத்தின் பிழையைத் தாம் நீக்குகின்றன என்பதை அதன் அடையாள எண்ணோடு ஒரு வரியிற் குறிப்பது கெர்னல் நூலாரின் வழக்கம். பிழையை அறிவித்தவரின் பெயருக்கும் அங்கே தனியாய் ஒரு வரி உண்டு.