பணிச்சுமையைச் சமன் செய்வோம்

சுவிட்சுப் பெட்டிகளைப் பொருத்தும் சிறுதொழிற்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 450 நிமிட வேலை. தேவை 450 பெட்டிகள். ஆகவே, 60 வினாடிக்கு ஒன்று முடிய வேண்டும். இதனை 'டாக்ட் நேரம்' என்பர்.

வரிசையில் நால்வர், ஒரு பெட்டிக்கு அவர்கள் முறையே 40, 75, 50, 55 வினாடிகள் எடுக்கின்றனர். இரண்டாமவரின் 75 வினாடியே வேகத்தை நிர்ணயிப்பதால் 360 பெட்டிகளே முடிகின்றன. அவர்முன் தேங்கும் அரைகுறைப் பொருள்களில் நமது நடைமுறை மூலதனம் முடங்குகிறது. அவர் களைத்துப்போகிறார், மூன்றாமவரோ காத்திருக்கிறார்.

இரண்டாமவர் முதலில் செய்யும் 15 வினாடி வேலையை முதலாமவருக்கு மாற்றினால் 55, 60, 50, 55 என்றாகும். 450 பெட்டிகளும் கைகூடும்.

புதிய இயந்திரத்துக்குக் கடன் கோருமுன், ஒவ்வொருவரின் வேலை நேரத்தையும் அளந்து பார்ப்போம்.