குடியானவர் கைப்பேசியும் அதன் பராமரிப்பும்

தாமிரபரணிப் பாசனத்தில் பயிரிடும் குடியானவர்கள், கார்ப் பருவத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் கால்வாய்களைத் தூர் வாரி, மடைகளைச் செப்பனிட்டு, வரப்புகளைப் பலப்படுத்துவது தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் ஈறாக உள்ள எட்டு அணைக்கட்டுகளின் கீழும் இவ்வழக்கத்தின் நியாயம் ஒன்றே. தண்ணீர் வந்தபின் மடையைத் தேடுவதில் பயனில்லை. இதே நியாயம், இக்காலத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு குடியானவர் மடியிலும் உள்ள கைப்பேசிக்கும் பொருந்தும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

இந்தியாவில் கைப்பேசி வழியாக முதன்முதல் பேசப்பட்டது 1995 ஜூலை 31ஆம் தேதி. அப்பொழுது அது பேசுவதற்கு மட்டுமே உதவிய கருவி. இப்பொழுது அதன் நிலை வேறு. 1980 வரை கர்ணத்தின் கட்டில் இருந்த பட்டா, சிட்டா விவரங்களை இன்று கைப்பேசியிலேயே பார்த்து நகல் எடுக்கலாம். 2016 முதல் யு.பி.ஐ. முறையில் பணம் கொடுப்பதும் வாங்குவதும் அதன் வழியாக நடைபெறுகின்றன. தமிழ்நாடு சர்க்கார் 2018இல் வெளியிட்ட உழவன் செயலியில் மானியத் திட்டங்கள், விதை, உர இருப்பு, சந்தை விலை முதலியன கிடைக்கின்றன. 2019இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தில், தகுதியுள்ள நில உடைமைக் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வருகிறது. இதற்குரிய சரிபார்த்தலும் கைப்பேசி எண்ணைச் சார்ந்ததே. ஆகவே இக்கருவி, பத்திரப் பெட்டி, பணப்பை, தூதன் ஆகிய மூன்றும் ஒன்றாய் அமைந்ததாகும். இது கெட்டால் மூன்றும் ஒருசேர நின்றுவிடும். இதனைக் காக்கும் முறைகள் கடினமானவையல்ல. ஆனால் அவற்றைப் பருவத்துக்கு முன்னரே செய்தல் வேண்டும்.

எண் யார் பெயரில் உள்ளது?

முதலாவது கவனிக்கத்தக்கது கருவியன்று, எண்ணே. கருவி பழுதானால் வேறொன்று வாங்கலாம். எண் கைவிட்டுப் போனால் அதனோடு இணைந்த யாவும் தடைப்படும். குடியானவர்களில் சிலர், பாங்கியிலும் ஆதாரிலும் தம் எண்ணைக் கொடாமல், சென்னையிலோ வெளிநாட்டிலோ உள்ள மகனுடைய எண்ணையோ, விண்ணப்பம் எழுதிக்கொடுத்த கடைக்காரருடைய எண்ணையோ கொடுத்திருப்பர். அவசர காலத்தில் சரிபார்க்கும் எண் அங்கே போய்ச் சேரும். குடியானவர் இங்கே காத்திருப்பார். ஆகையால் சிம் அட்டை அவரவர் பெயரிலேயே இருத்தலும், அதே எண் பாங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பதிவாகியிருத்தலும் அவசியம்.

பழைய எண்ணுக்குப் பணம் கட்டாமல் விட்டுவிடுவதும் ஆபத்தானது. 90 நாட்கள் உபயோகமின்றிக் கிடக்கும் எண்ணைக் கம்பெனியார் நிறுத்திவிடலாம்; சில காலம் சென்றபின் அது வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அப்பொழுது பாங்கிச் செய்திகள் யாவும் அறியாத மனிதரிடம் போகும். எண்ணை மாற்ற நேர்ந்தால், முதலில் பாங்கியிலும் ஆதார் மையத்திலும் மாற்றியபின்னரே பழையதைக் கைவிடுதல் தக்கது.

கருவி களவுபோவதும் உண்டு. *#06# என்று அழுத்தினால் 15 இலக்கமுள்ள எண் ஒன்று திரையில் தோன்றும். அது அக்கருவிக்கே உரிய அடையாள எண். இரண்டு சிம் போடும் கருவியில் இவ்வாறு இரண்டு எண்கள் இருக்கும். அவற்றைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தால், கருவி காணாமற்போனபோது போலீசில் எழுதிக்கொடுக்கவும், மத்திய சர்க்காரின் சஞ்சார் சாத்தி தளத்தின் மூலம் அதனைத் தடை செய்யவும் உதவும்.

இரகசிய எண்

ஓ.டி.பி. என்பது, எழுதாத முத்திரைத்தாளில் இடும் கையெழுத்தைப் போன்றது. அதனைப் பெற்றவன் மேலே எதையும் எழுதிக்கொள்வான். பாங்கியிலிருந்தும் வேளாண்மை அலுவலகத்திலிருந்தும் பேசுவதாகச் சொல்லி எவர் கேட்டாலும் அதனைச் சொல்லலாகாது. பாங்கி ஊழியர் எவரும் அதனைத் தொலைபேசியில் கேட்பதில்லை.

யு.பி.ஐ. முறையில் ஒரு விதியை மனதில் நிறுத்தினால் போதும். பணம் கொடுக்கும்போதுதான் பின் எண் வேண்டும்; பணம் வாங்குவதற்கு ஒருகாலும் வேண்டியதில்லை. வாழைத்தாருக்கு அட்வான்சு அனுப்புவதாகச் சொல்லிப் பின் எண்ணைப் போடும்படி கேட்பவன், பணம் எடுக்க முயல்கிறவனே என்று அறிக.

கிசான் தவணை, பயிர்க்கடன் தள்ளுபடி ஆகியவற்றின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளையும் தொடலாகாது. அவற்றின் பெயர் பெரும்பாலும் ‘ஏ.பி.கே.’ என்ற மூன்றெழுத்தில் முடியும். அவற்றை ஏற்றினால், கைப்பேசிக்கு வரும் செய்திகளையெல்லாம் மோசக்காரர்கள் தொலைவிலிருந்தே படிக்க முடியும். செயலி வேண்டுவோர் கருவியிலுள்ள முறையான செயலிக் கடையிலிருந்தே எடுத்துக்கொள்ளுதல் நலம்.

இவ்வளவு கவனத்தையும் மீறிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லவேண்டும், பாங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் சொன்னால்தான் அதனை நிறுத்தி வைக்க இயலும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் மோசக்காரனுக்கே அனுகூலம்.

பேட்டரியும் வெயிலும்

கைப்பேசியிலுள்ள லித்தியம் பேட்டரிக்கு வெப்பமே முதற்பகை. சுமார் 35 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள காற்று வெப்பத்திலேயே கருவியை உபயோகிக்கும்படி ஆப்பிள், சாம்சங் கம்பெனியார் கூறுகின்றனர். பாளையங்கோட்டையிலோ கோடையில் 38 டிகிரிக்கு மேற்போவது சாதாரணம். தகரம் வேய்ந்த மோட்டார் அறையிலும், வெயிலில் நிற்கும் டிராக்டரின் முகப்பிலும் இன்னும் அதிகம். அவ்விடங்களில் கருவியை வைத்தலும், அங்கேயே சார்ஜ் செய்தலும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

பேட்டரியை முற்றிலும் வற்றவிடாமலும், எப்பொழுதும் 100 சதவிகிதத்திலேயே நிறுத்தாமலும், பெரும்பாலும் 20க்கும் 80க்கும் இடையில் வைத்தால் நெடுநாள் உழைக்கும். மழை எச்சரிக்கை வந்த நாளில் மட்டும் முழுவதும் நிரப்பிக்கொள்ளுதல் அவசியம். தலையணையின் கீழ் வைத்துச் சார்ஜ் செய்வது அபாயம். பேட்டரி உப்பி, முதுகுப்பலகை எழும்பியிருந்தால், அதனை அழுத்தவும் குத்தவும் கூடாது. சார்ஜ் செய்யாமல் பழுது பார்ப்பவரிடம் சேர்க்கவேண்டும்.

இடி இடிக்கும்போது வயலில் கைப்பேசி வைத்திருந்தால் மின்னல் அதனை நாடி வரும் என்ற அபிப்பிராயம் பரவியுள்ளது. இது சரியன்று. மின்னலுக்கு இலக்காவது திறந்த வயலில் நிற்கும் மனிதனே. கையிலுள்ள கருவி அதற்குக் காரணமாகாது. மின்னல் கண்ட 30 விநாடிக்குள் இடியோசை கேட்டால், அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் உள்ளதெனக் கொண்டு உடனே வீட்டுக்குள் செல்லவேண்டும், மரத்தடியில் ஒதுங்கலாகாது. சுவரில் செருகிய சார்ஜருடன் இணைந்த கைப்பேசியை அந்நேரத்தில் தொடாதிருத்தலும் வேண்டும்.

வாய்க்காலில் விழுந்தால்

நடவின்போதும் நீர் பாய்ச்சும்போதும் கைப்பேசி சேற்றில் விழுவது அடிக்கடி நேர்வது. அவ்வாறு விழுந்ததை எடுத்தவுடன் அணைத்துவிடவேண்டும். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மறுபடி இயக்குவதும், சார்ஜரில் செருகுவதும் உள்ளே மின்கசிவை உண்டாக்கிக் கருவியைக் கெடுக்கும். சிம் அட்டையை எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, சார்ஜ் துவாரம் கீழ்நோக்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு நாளாவது வைத்தல் வேண்டும். அடுப்பருகிலும் வெயிலிலும் வைப்பது தவறு.

நனைந்த கைப்பேசியை அரிசிப் பானையில் புதைப்பது நெல் விளையும் இந்நாட்டில் எளிதாகக் கைக்கொள்ளும் வழி. ஆயினும் அதனால் நன்மையில்லை. அரிசியின் நுண்துகள் துவாரங்களில் புகுந்து கருவியைக் கெடுக்கலாமென்று 2024இல் ஆப்பிள் கம்பெனியார் வெளியிட்ட அறிவுரை கூறுகின்றது. காற்றே தகுந்த மருந்து.

மழைச் செய்தியைப் படிக்கும் முறை

வானிலை இலாகாவின் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் சுமார் 6½ செ.மீ. முதல் 11½ செ.மீ. வரை பெய்வது கனமழை. அதற்கு மேல் சுமார் 20½ செ.மீ. வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டது அதி கனமழை. இவ்வேற்றுமை தெரிந்தவர், செய்தியைப் பார்த்தவுடன் வடிமடையைத் திறப்பதா, உரமிடுவதை நிறுத்துவதா, கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டுவதா என்று தீர்மானிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் அணைச் செய்திகளை நம்புமுன் மூன்று சோதனைகள் செய்யத்தக்கவை. செய்தியில் தேதி உள்ளதா? அதனை வெளியிட்ட அலுவலகம் எது? அளவு பொருந்துகிறதா? பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி. மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. இவ்வளவைக் கடந்து நீர் நிற்பதாகக் கூறும் செய்தியைப் பார்த்தவுடனே சந்தேகிக்கலாம். சந்தேகமான செய்தியைப் பிறருக்கு அனுப்பாமலிருப்பது ஊருக்குச் செய்யும் உதவியாகும்.

டவர் ஓய்ந்த நாளில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெய்த மழை எவரும் மறக்கற்பாலதன்று. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது; ஸ்ரீவைகுண்டம் ரெயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெளியேற வழியின்றித் தங்கினர். மின்சாரம் நின்றது, கைப்பேசித் தொடர்பும் பல கிராமங்களில் அற்றுப்போயிற்று. எல்லாக் காரியங்களுக்கும் நம்பியிருந்த கருவி, மிகவும் வேண்டிய நாளில் ஊமையாயிற்று.

இதிலிருந்து அறியவேண்டியவை சில. முக்கியமான பத்துப் பன்னிரண்டு எண்களைக் காகிதத்தில் எழுதி, நனையாத உறையில் வைத்திருத்தல் வேண்டும். கருவி அணைந்தால் எண்களும் அதனோடு மறைந்துவிடும். தொடர்பு பலவீனமாயிருக்கும்போது பேச்சு செல்லாத இடத்திலும் சிறு எழுத்துச் செய்தி செல்லக்கூடும். திரையின் ஒளியைக் குறைத்து, இணையத்தை நிறுத்தி வைத்தால் பேட்டரி வெகுநேரம் நிற்கும். சில கைப்பேசிகளில் பண்பலை வானொலி உண்டு. காதில் மாட்டும் கருவியின் கம்பியே அதற்கு ஏரியலாக உதவுமாதலால், டவர் இல்லாத வேளையிலும் ஒலிபரப்பு நடைபெறும்வரை செய்தி கேட்கலாம். வீட்டில் பேட்டரியால் இயங்கும் சிறு வானொலி ஒன்று இருப்பது இன்னும் நலம்.

படம் சாட்சியாகும் விதம்

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் பரப்பிய பயிர் 14 நாட்களுக்குள் பருவந்தவறிய மழையாலும் புயல் மழையாலும் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. இப்பாதுகாப்பு தம் பயிருக்கும் அப்பருவத்துக்கும் உரிய அறிவிக்கையில் அடங்கியுள்ளதா என்பதைப் பிரீமியம் கட்டும்போதே கேட்டறிய வேண்டும். நஷ்டம் நேர்ந்தால், கைப்பேசியில் இடங்காட்டும் வசதியையும் தேதியையும் சரியாக வைத்துக்கொண்டு, வயல் முழுவதும் தெரியும் படமும், அருகிலிருந்து கதிரின் படமும், நிலையான அடையாளம் ஒன்று தெரியும் படமும் எடுக்கவேண்டும். பயிர் நன்றாயிருந்தபோது எடுத்த படமும் உடனிருந்தால் வித்தியாசம் தெளிவாகும்.

பயிர் சம்பந்தமான சந்தேகங்களுக்கு 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தை, காலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

குடியானவர்களின் ஆதார் நகல், பாங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடும் வழக்கம் நிற்கவேண்டும். அவ்விவரங்கள் அயலார் கைக்குச் சேர்ந்தால், பெயரும் நிலமும் கணக்கும் அறிந்த மோசக்காரன் அதிகாரியைப் போலவே பேசுவான். வெள்ள காலத்துக்கென, ஒவ்வொரு தெருவிலும் பொறுப்பான இருவரின் பெயரும் எண்ணும் கொண்ட ஜாபிதா ஒன்றைக் காகிதத்தில் வைத்திருத்தல் தக்கது. தொடர்பு அற்ற நாளில் ஆளனுப்ப அது உதவும்.

முடிவாக, வைகாசியில் கார்ப் பருவத்துக்கு முன்னும், புரட்டாசியில் பிசானத்துக்கு முன்னும், வாய்க்கால் மராமத்தோடு கைப்பேசி மராமத்தையும் சேர்த்துக்கொள்வது நலம். எண் தம் பெயரில் உள்ளதா, பாங்கியில் அதே எண்தானா, பேட்டரி உப்பியுள்ளதா, அடையாள எண் எழுதப்பட்டுள்ளதா, முக்கிய எண்கள் காகிதத்தில் உள்ளனவா என்ற ஐந்தையும் பார்க்க அரைமணி நேரம் போதும். பிசானத்துக்கு முன் செய்வதை ஒருகாலும் தவறவிடலாகாது. வடகிழக்குப் பருவமழை அப்பருவத்திலேயே வருகின்றது.