என் பல்லை நானே பார்த்துக்கொள்வேன்! பனியன் நகரத்துப் பிள்ளைகளுக்கு 9 குறிப்புகள்

காலை 8.30 மணிக்கு வேலைக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்ப இரவு 9 மணி ஆகிவிடும். திருப்பூரில் பல வீடுகளில் அம்மா, அப்பா இருவருக்கும் இதுதான் நிலைமை. "பல் தேய்ச்சியா கண்ணு?" என்று கேட்க வீட்டில் ஆள் இருக்காது. அதனால் பதின்வயதுப் பிள்ளைக்கே அந்தப் பொறுப்பும் தைரியமும் வர வேண்டும். பல்வலி வந்தால் சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கெடும். கறைக்குக் கூச்சப்பட்டு வாய்விட்டுச் சிரிப்பதையே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு.

1. இரவில் பல் தேய்ப்பதைத் தவறவிடக் கூடாது. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைவதால் கிருமிகளுக்கு அது வசதியான நேரம். பாய் விரிக்கும் முன் பிரஷ் என்று வழக்கமாக்கிவிட்டால் மறக்காது.

2. வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி என 2 நிமிடம் தேய்க்கச் சொல்லுங்கள். மென்மையான பிரஷ் போதும். 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

3. பேஸ்ட் வாங்கும்போது ஃபுளோரைடு 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும். உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.

4. ஈறில் ரத்தம் வந்தால் பயந்து பிரஷை நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் அழுக்குப் படிவதால்தான் ஈறு வீங்குகிறது. மெதுவாக, விடாமல் தேய்த்தால் ஓரிரு வாரத்தில் குறையும். குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. பீஸ் கணக்கு எழுதுவதுபோல, காலண்டரில் பிள்ளையே தினமும் டிக் போடட்டும். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை, செய்து பார்த்து ஜெயிப்பதில்தான் அதிகம் வளரும் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977-ல் எழுதினார். விட்டுப்போன நாளுக்குத் திட்டாதீர்கள். செய்த நாட்களை எண்ணிப் பாராட்டுங்கள்.

6. ட்யூஷன் போகும் வழியில் பேக்கரி டீ, தேங்காய் பன், இடையில் சாக்லேட், குளிர்பானம் என்று அடிக்கடி இனிப்பு சேர்ந்தால் பல் அரிக்கும். எவ்வளவு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். இனிப்பை ஒரே வேளையில் சாப்பிட்டு, சாதாரணத் தண்ணீரில் கொப்பளிக்கப் பழக்குங்கள். குளிர்பானம் குடித்தால் அரை மணி நேரம் கழித்தே பல் தேய்க்க வேண்டும்.

7. நூலைப் பல்லால் கடித்து அறுக்காதீர்கள். வருடக்கணக்கில் கடித்தால் முன்பல் நுனியில் பள்ளம் விழும். உங்களைப் பார்த்துத்தான் பிள்ளையும் கடிக்கிறது. வீட்டுத் தையல் மெஷின் பக்கத்திலும் ஒரு டிரிம்மர் வையுங்கள்.

8. பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் இருந்தால் அது அழுக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமானாலும் அப்படி வரும். செங்கல் பொடியும் கரித்தூளும் போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் தேயும். தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். தம்பி, தங்கைக்கு நிலைப்பற்கள் உருவாகும் வயது என்பதால், குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் நல்ல தண்ணீரையே எடுங்கள். கறையைச் சொல்லி வீட்டில் யாரும் கேலி செய்ய வேண்டாம்.

9. வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு பல் சொத்தையையும் பார்க்கிறது. குழு வரும் நாளைப் பள்ளியில் கேட்டு வையுங்கள். மருத்துவரிடம் போனால் எங்கே வலி, எப்போதிலிருந்து என்று பிள்ளையே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அப்படிப் பேசிப் பழகிய பிள்ளை, நீங்கள் ஷிப்டில் இருக்கும்போதும் தன் பல்லைத் தானே பார்த்துக்கொள்ளும்.